கூறு போடும் அக்கா

அக்கா அவித்த முட்டையை நூலால் அறுப்பாள். கத்தி வைத்தால் மஞ்சள் கரு ஒரு பக்கமாகப் போய்விடும் என்பாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரலில் சுற்றி, முட்டையின் இடுப்பில் ஓட்டி ஒரே இழுப்பு. இரண்டு பாதிகளையும் அடுப்பு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றை மகளுக்கும் ஒன்றை மகனுக்கும் வைப்பாள். எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் நீளும் கூலியாட்களின் வீட்டு வரிசை; பன்னிரண்டு காம்பரா, வீட்டுக்கு ஒன்று. முட்டை அவிப்பது எல்லா வீட்டிலும் அபூர்வம்தான். அவித்தால் அது ஆண் பிள்ளைக்கு. மிச்சம் இருந்தால் பெண் பிள்ளைக்கு. அப்படி இல்லாத வீடு அவளுடையது ஒன்றுதான்.

நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த அடுத்த வருடம் கல்யாணம் முடித்து, அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்த இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். அடுத்த காம்பராதான் அக்கா. நடுவில் ஒரு சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அவள் அடுப்பு ஊதுவது எனக்குக் கேட்கும். நான் என் புருசனோடு சண்டை போடுவது அவளுக்குக் கேட்கும். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். காட்டில் விறகு வெட்டப் போன இடத்தில் மரம் சாய்ந்து புருசன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு நாலு.

தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். லயத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. வயதில் மூத்த கிழவர்கூட அவளை அக்கா என்றுதான் சொல்வார்.

வந்த மறுநாள் காலையில் தண்ணீருக்குப் போனேன். லயத்தின் கோடியில் ஒரு பீலி, மலையிலிருந்து தகரக்குழாயில் வந்து விழும் தண்ணீர். பன்னிரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். புதுப்பெண் என்பதால் ஓரமாக நின்றேன். கங்காணியின் பெண்சாதி நேராக வந்து முன்னால் இருந்த குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். நின்றிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்கா போய் அந்தக் குடத்தை எடுத்து, பாதி நிறைந்திருந்ததைக் கீழே ஊற்றிவிட்டு, வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள்.

"யாரு குடம்னு தெரியுமா உனக்கு?" என்று கத்தினாள் கங்காணி பெண்சாதி.

"எனக்குத் தெரியும். தண்ணிக்குத் தெரியலையே" என்றாள் அக்கா.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "வா புள்ள. உனக்கு அஞ்சாவது எடம்" என்றாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்தது பயம்தான். பிரியம் மெதுவாகத்தான் வந்தது.

தீபாவளிக்கு லயத்தார் சேர்ந்து ஒரு ஆடு வாங்குவார்கள். வெட்டுவது யாராக இருந்தாலும் கூறு போடுவது அக்காதான். பன்னிரண்டு வாழையிலைத் துண்டுகளைத் தரையில் பரப்பி, தொடைக்கறி ஒரு சுற்று, நெஞ்செலும்பு ஒரு சுற்று, குடல் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டே வருவாள். ஈரல் சின்னதாக இருந்தால் அதைப் பன்னிரண்டாக நறுக்க முடியாது. ஏதாவது நாலு கூறில் விழும். அதனால் கடைசியில் ஒருவரைத் திரும்பி நிற்கச் சொல்வாள். இவள் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, திரும்பி நிற்பவர் ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கங்காணி, ஈரல் தனக்கு வந்தாக வேண்டும் என்று அடம் பிடித்தார். அக்கா கோபப்படவே இல்லை.

"நல்லதுங்கண்ணே. நீங்களே திரும்பி நின்னு பேரச் சொல்லுங்க. ஈரல் உங்களத் தேடி வந்தா எடுத்துக்கங்க."

அவரும் திரும்பி நின்று சொன்னார். அவருக்கு ஈரல் வரவில்லை; எங்கள் வீட்டுக்கு வந்தது. கங்காணி உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அவளுடைய இந்தக் குணத்தில் ஒரு கிறுக்கும் இருந்தது. வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போனபோது நடந்ததைச் சொன்னால் புரியும். அக்கா சில மாதம் பங்களாப் பூந்தோட்டத்தில் புல் பிடுங்கியிருந்தாள். அந்தப் பழக்கத்தில் துரைசாணி அவளைக் கூப்பிட்டு ஒரு கம்பளிப் போர்வையைக் கொடுத்தாள். நீல நிறம். ஓரத்தில் பட்டுத்துணி வைத்துத் தைத்தது. அப்படி ஒரு பொருள் எங்கள் லயத்துக்குள் வந்ததே இல்லை. பெண்கள் எல்லாரும் வந்து கன்னத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்று பேர் ஒன்றாகப் படுத்துப் போர்த்திக்கொள்ளலாம். ஜனவரி மாதத்தில் எங்கள் பக்கத்துக் குளிர் எப்படியென்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். புல் நுனியில் பனி உறைந்து கிடக்கும்.

அக்கா கொழுந்துச் சாக்குத் தைக்கிறவனிடம் கத்தரிக்கோல் வாங்கி வந்து அதைப் பன்னிரண்டாக வெட்டினாள்.

"அக்கா, உங்களுக்கென்ன பைத்தியமா? துரைசாணி உங்களுக்குத்தானே கொடுத்துச்சு?" என்று நான் கையைப் பிடித்தேன்.

"எனக்கு மட்டுமா குளிருது?" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வந்த துண்டில் என் மகனைச் சுற்றி வைத்தேன். அவன் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவனுக்கு அது போதும். ஆனால் மற்ற வீடுகளில் அது எதற்கும் உதவவில்லை. கங்காணி பெண்சாதி வாசலில் மிதியடியாகப் போட்டாள். அக்கா அதைப் பார்த்தாள். அவள் தன் வீட்டுத் துண்டை மறுபடியும் இரண்டாக வெட்டினாள். மகள் அதைத் தலையில் கட்டிக்கொண்டாள். மகன் கழுத்தில் சுற்றிக்கொண்டான். இரண்டு பேரும் அந்த மாதம் முழுக்க நடுங்கினார்கள்.

அவளுக்கு ஓட்டுப் போட்ட கதையைச் சொல்லப் பிடிக்கும். சுதந்திரத்துக்கு முந்தைய வருடம் ஒரே ஒரு தடவை போட்டிருக்கிறாள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே சொல்வாள். "தொரைக்கு எத்தன ரூம்பு இருக்குன்னு எனக்குத் தெரியும் புள்ள. நானே எண்ணிப் பாத்திருக்கேன். பதினாலு. ஆளு ரெண்டு. நமக்கு ஒரு காம்பரா, ஆளு எட்டு. ஆனா ஓட்டு அவருக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணு. அது ஒண்ணுதான் சரியா கூறு போட்டிருந்தாங்க. அதையும் புடுங்கிட்டாங்க." நாங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் வந்தபிறகு ஓட்டும் போய்விட்டது. எங்களில் பலருக்கு அது போனதே உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது.

வெள்ளைத் துரை போன இடத்துக்கு நம் நாட்டுத் துரை வந்தார். கொழும்பில் படித்தவர். மாவிலைத் தோரணம் கட்டி வரவேற்றோம். முதல் வாரமே அக்கா பெரட்டில் நின்று, லயத்துக்கு இன்னொரு பீலி வேண்டும் என்று கேட்டாள். துரை கணக்கப்பிள்ளையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். "பாக்கலாம்னு சொல்றார்" என்றார் கணக்கப்பிள்ளை. மூன்று வருடம் பார்த்தோம். அதற்குள் பங்களாவில் இரண்டு கார் நிறுத்தக் கொட்டகை கட்டி முடித்தார்கள். கங்காணியின் மகன் ஆபீஸில் கிளாக்கராகி, குடும்பம் குவாட்டர்ஸுக்குப் போயிற்று. பீலிக்கரையில் எங்களோடு நின்ற அவன் அம்மா இப்போது குடை பிடித்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் போனாள்.

"முந்தியெல்லாம் தொரைக்கும் நமக்குந்தான் தூரம் புள்ள. இப்ப நமக்கும் நமக்குமே தூரமாப் போச்சு" என்றாள் அக்கா. அன்று அவள் சொன்னது என்னையும் சேர்த்துத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரு கொட்டகை. ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். அக்கா தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரு நாள் விடாமல் அனுப்பினாள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் அங்கே எதுவும் இல்லை. மகன் ஐந்தாவது முடித்த வருடம் வாத்தியார் எங்கள் லயத்துக்கு வந்தார். அவர் ஒரு நாளும் லயத்துக்கு வந்தவர் இல்லை. எல்லாரும் எழுந்து நின்றோம். ஹட்டனில் பாதிரிமார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அக்காவின் மகனுக்கு இடம் பேசிவிட்டதாகச் சொன்னார். தங்குவது, சாப்பாடு, உடுப்பு எல்லாம் அவர்களே.

"உங்க பையன் மாதிரி ஒருத்தன நான் பதினஞ்சு வருசத்துல பாக்கலம்மா" என்றார்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரைக் கும்பிட்டாள். பிறகு கேட்டாள். "மகளுக்குங்க?"

"அது ஆம்பளப் புள்ளைங்க விடுதிம்மா."

"அவளும் அஞ்சு பாஸு பண்ணியிருக்காளுங்களே."

வாத்தியார் ஏதோ சொல்லிச் சமாளித்துப் போய்விட்டார். அடுத்த நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அக்கரப்பத்தனைக்கு நடந்து, பஸ் பிடித்து, ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றைத் தேடிப் போனாள். சாயங்காலம் இரண்டு பேரும் மழையில் நனைந்து வந்தார்கள். அங்கே நன்றாகத்தான் பேசினார்களாம். உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்களாம். ஆனால் விடுதிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அவளுடைய ஒரு மாதச் சம்பளம் ஒரு மாதக் கட்டணத்துக்குப் போதாது.

ஒரு வாரம் கழித்து வாத்தியார் பதில் கேட்டு வந்தார். அக்கா ஒரு யோசனை வைத்திருந்தாள்.

"ஆறு மாசம் அவன் படிக்கட்டுங்க. ஆறு மாசம் அந்தச் செலவ இவளுக்குக் கொடுக்கச் சொல்லுங்க. இவ படிக்கட்டும்."

வாத்தியார் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "படிப்பு என்ன ஆட்டுக்கறியாம்மா, கூறு போட?"

"கூறு போட முடியாதது எங்க ஊட்டுக்கு வேணாங்க, வாத்தியாரையா."

அக்கா மகள் அப்போது அடுப்படியில் இருந்தாள். வெளியே ஓடி வந்து, "தம்பி போகட்டும்மா. எனக்குப் படிப்பு வேணாம். நான் கொழுந்து எடுக்கிறேன்" என்றாள். அக்கா அவளை ஓங்கி அறைந்தாள். தன் பிள்ளைகளை அவள் அடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நீ விட்டுக் கொடுக்காத! இன்னிக்கு இதை விடுவ. நாளைக்குச் சோத்த விடுவ. அப்புறம் உசிர விடச் சொல்லுவாங்க, அதையும் விடுவ."

வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அழவில்லை. அவனுக்குப் பதினொரு வயது. இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை என்பது எனக்குச் சுவர் வழியாகத் தெரிந்தது.

வாத்தியார் வந்துபோன மறுநாள் நாலாம் நம்பர் மலையில் நானும் அவளும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்தோம். என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, இது பாவம். அவனாச்சும் போயிருப்பானே" என்றேன். அவள் கை நிற்கவில்லை. கொழுந்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவ, தெரியுமா உனக்கு? மலேரியாக் காய்ச்சல் வந்த வருசம். எங்க அண்ணனுக்கும் காய்ச்சல், தங்கச்சிக்கும் காய்ச்சல். தோட்டத்துல கொயினா மாத்திர எட்டு கொடுத்தாங்க. எங்கம்மா எட்டையும் அண்ணனுக்குக் கொடுத்துச்சு. தங்கச்சி பாத்துக்கிட்டே படுத்திருந்தா. ஆறு வயசு. 'எனக்கு?'ன்னு கேக்கல. அப்படிப் பழக்கியிருந்தாங்க. அண்ணன் பொழைச்சாரு."

ஒரு பிடி கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டு நான், "ஆளுக்கு நாலு கொடுத்திருந்தா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் செத்திருக்கலாம். ரெண்டு பேரும் பொழைச்சிருக்கலாம்" என்றாள். "ஆனா அவ அப்படிப் பாத்துக்கிட்டே செத்திருக்க மாட்டா."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் ஒரு நாளும் எடுக்கவில்லை.

மகன் பதினாலு வயதில் செக்ரோலில் பெயர் பதிந்து கவ்வாத்து வெட்டப் போனான். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடும் வேலை. கத்தி தவறினால் காலில்தான் விழும். கடையில் சாமான் சுற்றிவரும் பேப்பர்த் துண்டுகளை அவன் தூக்கிப் போட விடமாட்டான். வாசல் பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பான். பாதியில் கிழிந்த செய்தியின் மீதி என்னவாக இருக்கும் என்று அவனாகச் சொல்வான். அம்மாவோடு பேச்சு குறைந்துவிட்டது.

சில வருடம் கழித்து அதே வாத்தியார் எங்கள் இஸ்தோப்புக்கு வந்தார். அதே பள்ளிக்கூடம், அதே விடுதி. இந்த முறை என் மகனுக்கு. எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பெண். அவளுக்கு இரண்டு வயது இளையவன் இவன். கடைக்குட்டிக்கு அப்போது ஒன்றரை வயது. அவனைப் பார்த்துக்கொள்ள மூத்தவளை நாலாம் வகுப்போடு நிறுத்தியிருந்தேன். நானும் என் புருசனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அனுப்புறோங்க" என்றோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வாத்தியார் போனதும் அக்கா வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"மக எங்க புள்ள?"

"பீலிக்குப் போயிருக்கா."

"அவள எதுக்கு நிப்பாட்டுன?"

"சின்னவனப் பாக்க ஆள் வேணுமேக்கா."

"அவள யாரு பாப்பா?"

நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினேன். அவள் போகவில்லை. "நான் கேக்குறது காதுல உழலையா? இவன அனுப்பு. வேணாங்கல. அவளையும் மறுபடி இங்கன பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. சின்னவன பகல்ல எங்கிட்டக் கொடு, நான் முதுகுல கட்டிக்கிட்டு மலைக்குப் போறேன். அவளுக்குன்னு ஏதாச்சும் ஒண்ணு கொடு புள்ள."

இப்போது எழுதும்போது அது எவ்வளவு சின்ன வேண்டுதல் என்று தெரிகிறது. அன்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என் மகனுக்குக் கிடைத்ததில் அவள் கண் வைக்கிறாள் என்று தோன்றிவிட்டது.

"உங்க பேச்சக் கேட்டா உங்க புள்ளைங்க மாதிரிதான் எம் புள்ளைங்களும் ஆகும்" என்றேன். "ரெண்டையும் சேத்துக் குழியில தள்ளுனவங்க நீங்க. என்னுதுல ஒண்ணாச்சும் கரையேறட்டும்."

அக்கா அப்படியே நின்றாள். பிறகு முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் காம்பராவுக்குப் போனாள். இரண்டு வருடத்துக்கு மேல் நாங்கள் பேசவில்லை. அரைச் சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் இருமினால் எனக்குக் கேட்கும். ஏதாவது கேட்க வேண்டும் போல இருக்கும். கேட்க மாட்டேன்.

என் மகன் முதல் லீவுக்கு வந்தபோது காலில் சப்பாத்துப் போட்டிருந்தான். லயமே கூடிவிட்டது. அக்காவின் மகன் வேலைவிட்டு வந்து கவ்வாத்துக் கத்தியோடு சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். பிறகு கிட்டே வந்து, "தம்பி, அந்தப் பொஸ்தகத்தக் கொஞ்சம் காட்டு" என்றான். இங்கிலீஷ்ப் புத்தகம். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினான். பக்கங்களைத் திருப்பினான். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. மூடித் திருப்பிக் கொடுத்தான். "நல்லாப் படி" என்றான். அதன் பிறகு என் மகன் லீவுக்கு வரும் நாட்களில் அவன் லயத்தில் இருக்க மாட்டான்.

அந்தக் காலத்தில்தான் எங்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. யார் எந்தக் கணக்கில் என்று யாருக்கும் தெரியாது. லயத்தில் அதே பேச்சு. அக்காவின் மகன் மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவன் முன்பே கண்டிக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்; வீட்டில் சொல்லவில்லை. பாஸ்போர்ட் கையில் வந்த அன்று சாயங்காலம் சொன்னான். சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"யாருடா இருக்கா உனக்கு அங்க?" என்றாள் அக்கா.

"இங்க யாரு இருக்கா?"

"நானு. உங்கக்கா."

பிறகு அவன் பேசினான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எல்லாத்தையும் சமமாக் கொடுத்தேன்னு சொல்லிக்கிற. எனக்கும் ஒண்ணுமில்ல, அக்காவுக்கும் ஒண்ணுமில்ல. அதத்தாம்மா நீ சமமாக் கொடுத்த."

"வேற என்னடா இருந்துச்சு எங்கிட்ட?" என்றாள் அக்கா.

நான் அடுப்பில் இருந்த ரொட்டி கருகுவதுகூடத் தெரியாமல் நின்றேன்.

அவன் புறப்பட்ட காலையில் அக்கா தன் காதில் இருந்த இரண்டு தோட்டையும் கழற்றினாள். அவளிடம் இருந்த ஒரே தங்கம் அது. ஒன்றை மகள் கையில் கொடுத்தாள், ஒன்றை மகன் கையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, "ஒத்தத் தோட்ட வச்சிக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" என்று சிரித்தான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணி, குந்தி உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டான். அக்கா அவன் தலையைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அக்கரப்பத்தனை பஸ்ஸுக்கு நானும் நடந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். அவனும் அவன் அக்காவும் முன்னால். அக்காவும் நானும் பின்னால். பஸ் வளைவில் திரும்பி மறைந்தபிறகும் அவள் அங்கேயே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வா புள்ள. அந்திக் கொழுந்துக்காச்சும் போவோம். செக்ரோல்ல பேரு வெட்டிடுவாங்க" என்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விலக்கவில்லை.

மகனிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. திருச்சிப் பக்கம் கல் உடைக்கிற இடத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், அங்கே எல்லாரும் தன்னைச் சிலோன்காரன் என்று கூப்பிடுவதாகவும் எழுதியிருந்தான். இங்கே எங்களை இந்தியாக்காரர் என்பார்கள். அக்கா மகள்தான் வாசித்தாள். அக்கா இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னாள். பதில் போட்டார்கள். மறு கடிதம் வரவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் முற்றிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சர் பார்த்து மருந்து கொடுத்தார். மகள் சம்பளத்துக்குப் போயாக வேண்டும். பகலில் என் மூத்தவள்தான் வேலைக்குப் போகாமல் நின்று கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, எச்சில் சட்டியைக் கழுவி வைத்தாள். நான் சொல்லிச் செய்யவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எண்ணவும் இல்லை. அவள் எப்போதும் யாருக்காவது ஏதாவது செய்கிறவள்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகளும் என் மூத்தவளும் பீலிக்குப் போயிருந்தார்கள்.

"நான் செஞ்சது தப்பா புள்ள?" என்று கேட்டாள்.

"இல்லக்கா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சேலைத் தலைப்பைச் சரி செய்தேன்.

"உம் பையன் கிளாஸுல மொதலாவதாமே."

"ஆமாக்கா."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நிஜமாகத்தான் சொன்னாள். அதில் ஒரு குத்தல் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

நாலு நாள் கழித்து, பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் அவள் உயிர் போயிற்று. அன்று எங்கள் லயத்தில் யாரும் வேலைக்குப் போகவில்லை. குவாட்டர்ஸிலிருந்து கங்காணி பெண்சாதிகூட இறங்கி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். சாயங்காலம் மழை விட்டதும் ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். அக்கா மகள் அழுது ஓய்ந்து மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். என் மூத்தவள் மட்டும் நிறுத்தவில்லை. அவள் அழுகிற பெண் இல்லை. சின்ன வயதிலிருந்தே அடித்தால்கூட அழமாட்டாள். அன்று தரையில் கையை அடித்துக்கொண்டு அழுதாள். பார்த்தவர்கள், இது பெற்ற மகளா அது பெற்ற மகளா என்று கேட்கும்படி அழுதாள்.

நான் அவளை எழுப்பி எங்கள் காம்பராவுக்குள் கூட்டி வந்தேன். "போதும்டி. பெத்த புள்ளையே ஓஞ்சிட்டா. நீ என்னத்துக்கு இப்படி அழுற?" என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பெரியம்மா மட்டுந்தாம்மா என்னையப் பத்திக் கேட்டாங்க."

"எப்ப?"

"தம்பி பள்ளிக்கூடம் போனப்ப. நான் அன்னிக்கிக் குடத்தோட வெளியதான் நின்னேன்."

என்னைக் குற்றம் சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவே இல்லை. எழுந்து போய் முகம் கழுவினாள். கடைக்குட்டிக்குச் சோறு போட்டாள். அக்கா மகளைக் கூட்டி வந்து எங்கள் வீட்டிலேயே படுக்கவைத்தாள்.

மறுநாள் காலை பெரட்டுச் சங்கு ஊதியதும் என் மூத்தவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது.